முப்பது ரிவியூவும் ஒரு சாக்குமூட்டையும்

(நூலகத்து மேசை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்)

சமூகப்பணிக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் 31 வருடம் உட்கார்ந்து எழுந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் "மேடம், ஒரு சின்ன சந்தேகம்" என்று போன் வருவது நிற்கவில்லை. டெசர்டேஷன் (பட்டத்துக்கான ஆய்வேடு) சீசன் என்பதால் இந்த மாதம் வந்த கடிதங்கள் எல்லாமே எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) பிள்ளைகளுடையவை, ஒன்றே ஒன்று பழைய மாணவருடையது. ஆய்வுக்கு வழிகாட்டும் கைடுகள் பார்த்துவிடப் போகிறார்கள் என்று பலர் கேட்டுக்கொண்டதால் பெயர்களை விட்டுவிட்டேன். ஊர் மட்டும் இருக்கிறது.

கே: எங்கள் பேரூராட்சியில் சாக்கடை அள்ளுகிறவர்களின் குடும்பங்களைப் பற்றி டெசர்டேஷன் எழுதுகிறேன். ஆர்.ஓ.எல். (முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்) அத்தியாயத்துக்குக் குறைந்தது 30 ரிவியூ வேண்டும் என்கிறார் கைடு சார். நெட்டில் எல்லாம் வெளிநாட்டு ஆய்வுகளாகவே வருகின்றன. தமிழ்நாட்டில் யாரும் எழுதவில்லை போலிருக்கிறது மேடம். (மாணவி, திண்டுக்கல் மாவட்டம்)

யாரும் எழுதவில்லை என்பதை மட்டும் நம்பாதே கண்ணு. கூகுளில் என்ன தட்டினாய் என்பதையும் எழுதி அனுப்பியிருக்கிறாய், அது நல்லதாகப் போயிற்று: "டிரெயினேஜ் கிளீனிங் பீப்பிள் ஃபேமிலி ப்ராப்ளம்ஸ்". இது நீ பேசுகிற மொழி. ஆய்வு எழுதுகிறவர்கள் இதே ஆட்களை 'சானிடேஷன் ஒர்க்கர்ஸ்' என்பார்கள். கழிவை நேரடியாகக் கையாள்கிற வேலை என்றால் 'மேனுவல் ஸ்கேவெஞ்சிங்', சாக்கடைக்குள் இறங்கி இறந்தால் 'சூவர் டெத்ஸ்', வடக்கே எழுதினால் 'சஃபாயி கர்மசாரி'. தமிழிலும் அப்படித்தான். பழைய நகராட்சி ஆவணங்களில் இன்று நாம் வாயில் எடுக்கக் கூசுகிற சொல் இருக்கும். பிறகு 'துப்புரவுப் பணியாளர்' ஆனார்கள், இப்போது 'தூய்மைப் பணியாளர்'. அரசு சொல்லை மாற்றிய பிறகு பழைய சொல்லில் தேடினால் புதிய அரசாணை கிடைக்காது, புதிய சொல்லில் தேடினால் பழைய கோப்பு கிடைக்காது. உன் மாவட்டத்தில் இந்த வேலையில் பெரும்பாலும் எந்தச் சமூகத்தினர் இருக்கிறார்கள் என்பது உனக்கே தெரியும். 'அருந்ததியர்' என்று போட்டுத் தேடு. ஆங்கிலத்தில் அந்தப் பெயரை மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள், எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடு. 2009இல் 3 சதவீத உள்ஒதுக்கீடு கொடுப்பதற்கு முன் நீதிபதி ஜனார்த்தனம் குழு உட்கார்ந்து விவரம் சேகரித்தது. படிப்பு, வேலை எல்லாம் அங்கே கணக்கில் வந்திருக்கும்.

என் மேசைக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இதை எழுதி வைக்க வேண்டிய அவசியம் யாருக்கு இருந்தது? உன் தலைப்பையே எடுத்துக்கொள். மனிதர் கையால் கழிவை அள்ளும் வேலையைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சட்டம் என்றால் நாடாளுமன்றத்தில் பேசியிருப்பார்கள், பேசினால் அச்சாகியிருக்கும். சஃபாயி கர்மசாரி ஆந்தோலன் அமைப்பு 2003இல் உச்ச நீதிமன்றம் போனது. 2014 மார்ச் 27 தீர்ப்பு, 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அதை 30 லட்சம் ஆக்கினார்கள். இந்த இரண்டு தீர்ப்பையும் முழுதாகப் படி. எத்தனை மாநிலங்கள் 'எங்களிடம் அப்படி ஒருவரும் இல்லை' என்று பிரமாணப் பத்திரம் போட்டன என்பது அதில் வரும். உன் அத்தியாயத்துக்கு அதைவிடக் கனமான ரிவியூ கிடைக்காது.

அடுத்தது மாநில அரசு. சட்டப்பேரவையில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் 'கொள்கை விளக்கக் குறிப்பு' ஒன்று வெளியிடும். தமிழிலும் கிடைக்கும், ஆங்கிலத்திலும் கிடைக்கும், அரசு இணையதளத்தில் இலவசம். நகராட்சி நிர்வாகத் துறையின் ஐந்து வருடக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் படித்தால் நிரந்தரப் பணியாளர் போய் ஒப்பந்தப் பணியாளர் வந்த கதை கண்ணில் படும். உன் பேரூராட்சிக் கணக்கு வேண்டுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடு. 30 நாளில் பதில் தர வேண்டும். அதனால் மனுவை இன்றைக்கே போடு, சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) ஒப்புதலுக்குப் பிறகு போடலாம் என்று வைக்காதே.

கடைசியாக அந்த 30. "இன்னார் (2015) இப்படிச் சொன்னார், இன்னார் (2017) அப்படிச் சொன்னார்" என்று பத்தி பத்தியாக அடுக்குகிறீர்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கல்யாண வீட்டு மொய் நோட்டு ஞாபகம்தான் வரும். பெயர், தொகை, அடுத்த பெயர், தொகை. ஆறு ஆய்வை ஒழுங்காகப் படித்து, யார் யார் ஒத்துப்போகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள் என்று எழுதினால் மீதி 24 தானாக வரும். ஒவ்வொரு நல்ல கட்டுரைக்கும் பின்னால் மேற்கோள் பட்டியல் இருக்கிறது, அது பின்னோக்கிப் போகும் வழி. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே 'சைட்டட் பை' என்று ஒரு எண் இருக்கும். அதைத் தட்டினால் அந்தக் கட்டுரையைப் பிறகு யார் யார் எடுத்தாண்டார்கள் என்று முன்னோக்கிப் போகலாம். இரண்டு பக்கமும் நடந்து பார்.

கே: நல்ல கட்டுரை என்று திறந்தால் 40 டாலர் கட்டு என்கிறது. என்ன செய்ய? (மாணவர், ஈரோடு)

கட்டாதே தம்பி. 2025 ஜனவரி முதல் மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 13,000க்கும் மேற்பட்ட இதழ்களைப் படிக்கலாம். ஆனால் அது மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்குத்தான். உன்னுடையது தனியார் கல்லூரி என்கிறாய். முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போ. உள்ளே உட்கார்ந்து படிக்க விடுவார்களா என்று முன்னாடியே போனில் கேட்டுக்கொண்டு கிளம்பு.

அதற்கும் முன்னால், கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதைத் தட்டிப் பார். எழுதியவரே தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் இலவசப் பிரதி போட்டிருப்பார். இல்லையென்றால் அவருக்கே மின்னஞ்சல் எழுது: யார், எங்கே படிக்கிறேன், என்ன தலைப்பு, எந்தக் கட்டுரை. நான்கு வரி போதும். தன் கட்டுரையை ஈரோட்டில் ஒரு பிள்ளை தேடுகிறது என்றால் எந்தப் பேராசிரியருக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். எங்கள் மாணவர்களுக்கு அனேகமாகப் பதில் வந்துவிடும். அடையாறில் 1971 முதல் இருக்கிற சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுத்தாள்கள் இணையத்திலேயே இலவசம். தமிழ்நாட்டுக் கிராமம், கூலி, சாதி, ரேஷன் எது பற்றி எழுதினாலும் அங்கே ஒரு எட்டு போய் வா.

ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். லட்சக்கணக்கான இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன. நீங்கள் எல்லோரும் நேராக இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து அதில் இருக்கும் ரிவியூவை அப்படியே எடுத்துக்கொள்கிறீர்கள். அவர் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அந்தத் தப்பும் கூடவே வருகிறது. அதில் பார்த்த கட்டுரையை மூலத்தில் தேடிப் படித்துவிட்டு எழுது.

கே: விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டலாமா? (மாணவி, கரூர்)

படிக்கலாம். மேற்கோள் வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும் மூலங்களுக்குப் போ.

கே: 1,500 ரூபாய் கட்டினால் மூன்றே நாளில் கட்டுரை வெளியிடுகிற இதழ் இருக்கிறதாம். அதில் வந்த கட்டுரைகளை எடுத்தாளலாமா? (மாணவர், சேலம்)

மூன்று நாளில் அதை யார் படித்துத் திருத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறாய்? பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தரமான இதழ்கள் என்று வைத்திருந்த 'கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இனிமேல் இதழின் தரத்தை நீயும் உன் கைடும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கே: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் எங்கள் மாவட்டத்தில் கணவன் கொடுமை வழக்குகள் குறைந்திருக்கின்றன. 'குடும்ப வன்முறை குறைந்துவருகிறது' என்று முடிவு எழுதலாமா? (மாணவி, தஞ்சாவூர்)

பேனாவைக் கீழே வை. இதை நிதானமாகப் பார்ப்போம்.

அந்த அறிக்கை எண்ணுவது போலீஸ் ஸ்டேஷனில் பதிவான வழக்குகளை. அடி வாங்கிய பெண்களை அல்ல. அடி வாங்கினாள், அம்மா வீட்டுக்குப் போனாள், பெரியவர்கள் பேசித் திரும்ப அனுப்பிவைத்தார்கள்: எண்ணிக்கையில் இல்லை. மகளிர் காவல் நிலையம் போனாள், மனு வாங்கி, சமரசம் பேசி அனுப்பினார்கள், எஃப்.ஐ.ஆர். போடவில்லை: அதுவும் இல்லை. எஃப்.ஐ.ஆர். போட்டாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே எஃப்.ஐ.ஆரில் நான்கு குற்றங்கள் இருந்தால் அதில் மிகக் கடுமையானதை மட்டுமே எண்ணுவார்கள். கொடுமைப்படுத்திக் கொன்றுவிட்டான் என்றால் அது கொலைக் கணக்கில் போகும், கொடுமைக் கணக்கில் வராது. போதாததற்கு 2024 ஜூலை 1 முதல் கணவன் கொடுமைக்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு போய் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள் வந்துவிட்டன. வருடங்களை ஒப்பிடும்போது அட்டவணையின் தலைப்பையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கம் தேசியக் குடும்பநல ஆய்வு இருக்கிறது. 2019-21இல் எடுத்த ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருப்பதாகச் சொன்னார்கள். இந்த எண் எப்படி வந்தது தெரியுமா? வீட்டுக்கு ஒரே ஒரு பெண்ணிடம், தனியாக வைத்துக் கேட்டார்கள். மாமியாரோ கணவனோ பக்கத்தில் வந்தால் அந்தப் பகுதியைக் கேட்காமல் விட்டுவிட வேண்டும் என்று கணக்கெடுப்பாளர்களுக்கு உத்தரவு. வன்முறைக்கு ஆளான பெண்களில் எங்காவது உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் சேர்த்து 14 சதவீதம். அந்த 14லும் பெரும்பாலானோர் போனது பிறந்த வீட்டுக்குத்தான். இப்போது உன் மாவட்டப் போலீஸ் கணக்கை மறுபடி எடுத்துப் பார்.

அவசரத்தில் விழப் போகிற ஒரு பள்ளமும் இருக்கிறது. அந்த 38ஐ எடுத்து 'தஞ்சை மாவட்டத்தில்' என்று எழுதிவிடாதே. குடும்ப வன்முறைக் கேள்விகளை ஒரு பகுதி வீடுகளில் மட்டுமே கேட்டார்கள், அதனால் மாநில அளவில்தான் அந்த எண் செல்லும். மாவட்டத் தகவல் தாளில் நீ எவ்வளவு தேடினாலும் அது இருக்காது. 'பதிவான வழக்குகள் குறைந்துள்ளன' என்று எழுது. ஏன் குறைந்தன என்று மகளிர் காவல் நிலையத்திலும், குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி நியமித்த பாதுகாப்பு அலுவலரிடமும் போய்க் கேள். உன் டெசர்டேஷன் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கே: 2011 மக்கள்தொகைக் கணக்கைத்தான் போட்டிருக்கிறேன். வைவாவில் (நேர்முகத் தேர்வில்) 'பழசு' என்று திட்டுவார்களா? (மாணவர், விருதுநகர்)

அதற்குப் பிறகு எடுத்தால்தானே புதுசு இருக்கும்! அடுத்த கணக்கெடுப்பு 2027க்கு. உன் தாலுகாவின் ஒவ்வொரு கிராமமும் 'மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு' என்பதில் பக்கம் பக்கமாக இருக்கிறது, பள்ளி, குடிநீர், பஸ் வசதி உட்பட. ஆண்டைக் குறிப்பிட்டு எழுது, போதும். நீ திருநங்கையரைப் பற்றி எழுதுவதாகச் சொல்வதால் ஒரு எச்சரிக்கை: முதன்மை அட்டவணைகளில் 'மற்றவர்' என்று பதிந்தவர்களை ஆண்கள் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். தனி அட்டவணையைத் தேடி எடு.

கே: ஏ.ஐ.யிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் 20 மேற்கோள் தருகிறது. பயன்படுத்தினால் தப்பா? (மாணவி, கோயம்புத்தூர்)

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி இப்படித்தான் ஒரு பட்டியலோடு வந்தாள். அதில் ஒன்று எனக்குத் தெரிந்த பேராசிரியர் எழுதியதாம். இதழ் உண்மையான இதழ், தொகுதி எண்ணும் வருடமும் பொருந்துகிறது, பக்கம் 211 முதல் 226 வரை. எனக்கு அவர் எழுதிய ஞாபகம் இல்லை. பழைய நூலகத்துக்குப் போய் பைண்டு வால்யூமைத் தூசி தட்டித் திறந்தேன். 211ஆம் பக்கத்தில் வேறு யாரோ எழுதிய கட்டுரையின் நடுப்பகுதி, ஒரு அட்டவணை பாதியில் நிற்கிறது. மனசு கேட்காமல் பேராசிரியருக்கே போன் போட்டேன். "நான் எழுதியிருக்கலாமே என்று தோன்றுகிற தலைப்புதான் அம்மா. ஆனால் எழுதவில்லை" என்றார்.

நிஜம் மாதிரியே இருக்கிற பொய்தான் கண்டுபிடிக்கக் கஷ்டம். ஒன்றுக்கு அதைப் பயன்படுத்து: உன் பிரச்சினையைத் தமிழில் விவரித்து, "இதற்கு ஆய்வுலகில் என்னென்ன சொற்கள் புழங்குகின்றன" என்று கேள். சொற்களை வாங்கிக்கொள். கட்டுரையை நீயே தேடு. கண்ணால் பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதே.

கே: கோத்தகிரிப் பக்கம் இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். தேடினால் அகதிகள் முகாம் பற்றியே வருகிறது. (மாணவர், நீலகிரி)

இரண்டும் வேறு வேறு கதை என்பதைப் புரிந்துகொண்டு கேட்டிருக்கிறாய், சந்தோஷம். அகதிகள் வந்தது 1983க்குப் பிறகு. உன் ஆட்கள் 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று இரண்டு அரசும் பங்கு பிரித்துக்கொண்டன. ஊரில் அவர்களை 'சிலோன்காரர்கள்' என்பார்கள். அரசுத் தாளில் 'தாயகம் திரும்பியோர்'. ஆங்கிலத்தில் 'ரீபேட்ரியேட்ஸ்' என்று போட்டால்தான் கிடைக்கும், 'ரெஃப்யூஜீஸ்' என்று போட்டால் முகாம்தான் வரும்.

யாருக்கு எழுதிவைக்கும் அவசியம் இருந்தது? இவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தொடங்கிய டான்டீக்கு (அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனம்) இருந்தது. அதன் ஆண்டறிக்கைகள் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டவை. மறுவாழ்வுத் துறைக்கு இருந்தது. நாடாளுமன்றத்தில் 'எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை' என்று உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் இணையத்தில் கிடைக்கின்றன. இலங்கைப் பக்கத்துக் கதைக்கு 'நூலகம்' என்ற பெயரிலேயே இலங்கைத் தமிழர் நடத்துகிற மின்னூலகம் இருக்கிறது. மலையகத்துப் பத்திரிகைகளும் சங்க வெளியீடுகளும் அங்கே.

இதையெல்லாம் விடப் பெரிய ஆவணம் ஒன்று உன் ஆட்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே இருக்கும். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கு மண்டபம் முகாமில் ஒரு 'குடும்ப அட்டை' கொடுத்தார்கள். ரேஷன் அட்டை என்று நினைத்துவிடாதே. யார் யார் வந்தார்கள், என்ன உதவி வாங்கினார்கள் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். பாட்டிகள் அதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருப்பார்கள். காட்டச் சொல்லிக் கேள். ஆனால் எடுத்த எடுப்பில் செல்போனை நீட்டிப் படம் எடுக்காதே. இன்றைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வேலைக்கும் அந்தத் தாளைத்தான் நம்பியிருக்கிறார்கள். பார்த்துக் குறித்துக்கொள், அட்டை எண்ணை எழுதாதே.

கே: நான் 1991இல் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவன். அப்போது நான் எழுதிய டெசர்டேஷன் இப்போது எங்கே இருக்கும் அம்மா? யாருக்காவது பயன்படுமா? (வாசகர், திருச்சி)

உங்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன் ஐயா. ஷோத்கங்காவில் முதுகலை டெசர்டேஷன்கள் ஏறுவதில்லை. கறுப்பு காலிகோவில் தங்க எழுத்துப் போட்டு பைண்டு செய்து கொடுத்தோமே, அந்தப் பிரதி கல்லூரி அலமாரியில் இருந்தால் உண்டு. ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், இடம் போதவில்லை என்று பழைய டெசர்டேஷன்களைச் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டார்கள். நான் வேறு வேலையாகப் போன நாள் அது. மூட்டையில் கைவிட்டு ஒன்றை உருவினேன். 1979, சென்னை நடைபாதைக் குடும்பங்களின் செலவுக் கணக்கு. அரிசிக்கு ஒரு பத்தி, மண்ணெண்ணெய்க்கு ஒரு பத்தி, வெற்றிலை பாக்குக்குக்கூட ஒரு பத்தி. ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: "கணவர் பக்கத்தில் இருந்தார். பதிலை நம்ப முடியாது." அந்தப் பிள்ளை யாரென்று தெரியவில்லை. அந்தத் தெருவில் அந்த வருடம் வேறு யாரும் வெற்றிலைச் செலவைக் கேட்டு எழுதியிருக்க மாட்டார்கள். அந்த ஒன்றைத்தான் என்னால் வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது.

உங்கள் சொந்தப் பிரதி பரணில் இருந்தால் இறக்குங்கள். ஸ்கேன் செய்து இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் ஏற்றலாம், காசு இல்லை. தலைப்பில் ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள், தேடுகிற பிள்ளைக்குக் கிடைக்கும். ஏற்றுவதற்கு முன் பின்னிணைப்பைத் திறந்து பாருங்கள். நம் காலத்தில் பேட்டி கொடுத்தவர்களின் பெயர், தெரு, கதவு எண் எல்லாவற்றையும் அப்படியே தட்டச்சு செய்து வைத்துவிடுவோம். அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு மீதியை ஏற்றுங்கள். கல்லூரி நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.